எண்ணெயும் அப்பமும்: கத்தோலிக்க ஆராதனையும் மெதடிஸ்ட் ஆராதனையும்

(வேத பாடம். வாசிக்க: யோவான் 4:19-24, 1 கொரிந்தியர் 11:23-29, யாக்கோபு 5:13-16)



போன மாதம் செவ்வாய்க்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஒரு வாலிபத் தம்பி என்னைக் கேட்டார். "ஐயா, ஆர்.சி.யும் மெதடிஸ்டும் ஒண்ணுதானே? ரெண்டு பேரும் புஸ்தகத்தைப் பார்த்துத்தான் ஜெபம் பண்றாங்க. ரெண்டு பேரும் பச்சப் பிள்ளைக்குத்தான் தண்ணி தெளிக்கிறாங்க. அப்புறம் என்ன வித்தியாசம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை.

அந்தச் சிரிப்பு எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. ஏனென்றால், என் வீட்டில் இந்த இரண்டு ஆராதனையும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்த காலம் உண்டு. என் அம்மா மன்னார்குடிப் பக்கம் வெஸ்லியன் மிஷன் குடும்பத்தில் பிறந்தவர்கள். என் மனைவி ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். நான் 28வது வயதில் ஒரு கூடாரக் கூட்டத்தில் இரட்சிக்கப்பட்டு, முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து, பெந்தெகொஸ்தே விசுவாசி ஆனவன். பஸ் கண்டக்டர் வேலை பார்த்துக்கொண்டே எண்ணெய்ப் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு, வியாதியஸ்தர் வீட்டுக்கெல்லாம் ஜெபிக்கப் போவேன்.

2012ஆம் வருஷம் லெந்து நாட்களில் என் மாமியார் எங்கள் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "மாப்ள, சாமியாருக்குச் சொல்லி விடுங்க. அவஸ்தை பூசிக்கணும்"னு கேட்டார்கள். நான், "அத்தை, அதெல்லாம் சடங்கு. நான் ஜெபிக்கிறேன், போதும்" என்றேன். என் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏப்பா, கேட்டதைச் செஞ்சு குடு. சாகப்போறவங்ககிட்ட வழக்காடாத" என்றார்கள். நான் கேட்கவில்லை. விடியற்காலையில் மாமியார் கண்ணை மூடிவிட்டார்கள்.

ஆகவே பிரியமானவர்களே, இந்தப் பாடத்தை நான் வாத்தியார் ஸ்தானத்திலிருந்து எழுதவில்லை. தெரியாமல் பேசின ஒருவன், தெரிந்துகொண்ட பிறகு எழுதுகிறேன்.

1. நம்முடைய பகுதிக்கு இவர்கள் வந்த விதம்

கத்தோலிக்க விசுவாசம் நம்முடைய வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1606ல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து ஊழியம் தொடங்கினார். அந்த மதுரை மிஷனின் சேசு சபைக் குருக்கள் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆவூரில் நிலைகொண்டார்கள். தேம்பாவணி எழுதின வீரமாமுனிவரும் ஆவூரோடு சம்பந்தப்பட்டவர். இன்றைக்கும் உயிர்ப்புத் திருநாளை ஒட்டி அங்கே பாஸ்காவும் தேரும் நடக்கிறது. நம்மில் பலர் சின்ன வயசில் வேடிக்கை பார்க்கப் போனவர்கள்தான்.

மெதடிஸ்டுகள் அதற்கு ரொம்பப் பிற்பாடு வந்தவர்கள். ஜான் வெஸ்லியும் அவருடைய தம்பி சார்லஸ் வெஸ்லியும் 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நடத்தின எழுப்புதலிலிருந்து பிறந்தது அந்தச் சபை. 1814ல் வெஸ்லியன் மிஷனெரிகள் இலங்கையில் காலியில் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஜேம்ஸ் லிஞ்ச் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்து, 1817ல் சென்னைக்கு வந்தார். அதற்குப் பிறகு நாகப்பட்டினம், மன்னார்குடி, திருச்சி, கரூர், தாராபுரம் என்று ஊழியம் பரவினது. மன்னார்குடி ஃபின்லே பள்ளிக்கூடத்தை நடத்தினவர்கள் அவர்கள்தான்.

"அப்படின்னா மெதடிஸ்ட் போர்டு ஏன் நம்ம பக்கம் காணோம்?" என்று கேட்பீர்கள். 1947 செப்டம்பர் 27ல் தென்னிந்தியத் திருச்சபை உண்டானபோது, வெஸ்லியன் மெதடிஸ்ட் சபைகள் ஆங்கிலிக்கன் சபைகளோடும் தென்னிந்திய ஐக்கிய சபையோடும் சேர்ந்துவிட்டன. அதனால் நம் பக்கத்து மெதடிஸ்ட் குடும்பங்கள் இன்றைக்கு சி.எஸ்.ஐ. விசுவாசிகள். அமெரிக்க மெதடிஸ்ட் மிஷன் வழியாக வந்த சபைகள் அதில் சேரவில்லை. அவை தனியாக இருக்கின்றன. சென்னை வேப்பேரியில் அவர்களைப் பார்க்கலாம்.

2. ஞாயிறு காலை

கத்தோலிக்கருடைய ஞாயிறு ஆராதனை திருப்பலி. நம் ஜனங்கள் பேச்சில் பூசை. அதற்கு இரண்டு பெரிய பகுதி உண்டு. முதலாவது வார்த்தை வழிபாடு: பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம், சுவிசேஷம், பிறகு பிரசங்கம். இரண்டாவது நற்கருணை வழிபாடு: காணிக்கை, அப்பத்தையும் ரசத்தையும் அர்ப்பணித்தல், பரமண்டல ஜெபம், சமாதானம் சொல்லுதல், நன்மை வாங்குதல். "அவங்க பைபிளே வாசிக்க மாட்டாங்க"ன்னு நாம் சொல்லுகிறது சரியல்ல. ஞாயிறு பூசைக்குரிய வேத பாகங்கள் மூன்று வருஷச் சுற்றாக வகுக்கப்பட்டிருக்கின்றன.

என் மனைவியின் அப்பத்தா காலத்தில் இது வேறு விதமாக இருந்தது. குருவானவர் பீடத்தைப் பார்த்து லத்தீனில் பூசை வைப்பார். ஜனங்கள் பின்னால் முழங்காலில் நின்று தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ல் வழிபாட்டைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றின பிறகுதான் பூசை தமிழுக்கு வந்தது. குருவானவர் ஜனங்களைப் பார்த்துத் திரும்பினார்.

மெதடிஸ்ட் ஆராதனையில் நடுவிடம் பிரசங்கத்துக்கும் பாட்டுக்கும். பாட்டு, பாவ அறிக்கை, வேத வாசிப்பு, பிரசங்கம், மன்றாட்டு, ஆசீர்வாதம். சார்லஸ் வெஸ்லி 6,000 பாட்டுகளுக்கு மேல் எழுதினார். அவற்றில் சில தமிழாகி, பாமாலைப் புஸ்தகம் வழியாக நம் வீடுகளுக்கும் வந்துவிட்டன. எழுதப் படிக்கத் தெரியாத நிலக்கரிச் சுரங்கக்காரரும் உபதேசத்தைப் பாட்டாகவே மனப்பாடம் பண்ணிக்கொண்டார்கள். என் அம்மாவும் அப்படித்தான். பாமாலைப் பாட்டைப் பாடித்தான் எனக்கு இரட்சிப்பு என்றால் என்னவென்று சொன்னார்கள்.

இன்னொரு வித்தியாசம், யார் பிரசங்கம் பண்ணலாம் என்பது. பூசை வைக்க அபிஷேகம் பெற்ற குருவானவர் வேண்டும். மெதடிஸ்டுகளிடத்தில் சாதாரண விசுவாசியும் பிரசங்கிக்கலாம் என்கிற வழக்கம் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. அது வந்த விதம் கேளுங்கள். தாமஸ் மாக்ஸ்பீல்ட் என்கிற குருப்பட்டமில்லாத ஒருவர் லண்டனில் பிரசங்கம் பண்ணுகிறார் என்று ஜான் வெஸ்லிக்குச் செய்தி போயிற்று. அவர் கோபமாகத் திரும்பி வந்தார். அவருடைய தாயார் சூசன்னா அவரை நிறுத்தி, அவசரப்படாதே, முதலில் அவன் பேசுகிறதை நீயே கேள், பலனைப் பார் என்ற கருத்தில் புத்தி சொன்னார்கள். வெஸ்லி போய்க் கேட்டார், மனம் மாறினார். நம் சபையில் இன்றைக்கு ஒரு பெயிண்டர் தம்பியும், ஒரு சத்துணவு ஆயாவும் எழும்பி தேவ செய்தி கொடுக்கிறார்கள் என்றால், அந்தத் தாயாருடைய ஆலோசனைக்கும் அதில் பங்கு உண்டு.

3. அப்பமும் ரசமும்

இங்கேதான் இரண்டு சபைக்கும் ஆழமான வித்தியாசம்.

கத்தோலிக்க உபதேசத்தின்படி, குருவானவர் அர்ப்பணிக்கும்போது அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் சரீரமாகவும் இரத்தமாகவும் உண்மையாகவே மாறுகிறது. பார்வைக்கும் ருசிக்கும் மட்டும் பழையபடி இருக்கிறது. 1215ல் நாலாம் லாத்தரன் சங்கமும், 1551ல் திரெந்து சங்கமும் இதை உறுதிப்படுத்தின. அதனால்தான் மீதியான நற்கருணையைப் பேழையில் வைக்கிறார்கள், பக்கத்தில் விளக்கு எரிகிறது, கோயிலுக்குள் வந்தவுடனே முழங்கால் மடக்குகிறார்கள். நான் அதைப் பார்த்து, சுவரைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள் என்று எண்ணியிருந்தேன். அவர்கள் கும்பிடுகிறது சுவரை அல்ல. கிறிஸ்து அங்கே இருக்கிறார் என்கிற விசுவாசத்தில் மடங்குகிற முழங்கால் அது.

மெதடிஸ்ட் உபதேசம் இந்த மாற்றத்தை ஒத்துக்கொள்வதில்லை. 1784ல் வெஸ்லி அமெரிக்க மெதடிஸ்டுகளுக்காகச் சுருக்கிக் கொடுத்த விசுவாசப் பிரமாணங்களில் அது தெளிவாக மறுக்கப்பட்டிருக்கிறது. அப்பம் அப்பமாகவே இருக்கிறது; விசுவாசத்தோடு வாங்குகிறவன் ஆவிக்குரிய விதமாகக் கிறிஸ்துவைப் பெற்றுக்கொள்கிறான். ஆனால் "அப்போ அது வெறும் ஞாபகந்தானே" என்றும் அவர்கள் சொல்ல மாட்டார்கள். ஜெபம், வேத வாசிப்பு, இராப்போஜனம் இவை தேவன் கிருபை கொடுக்கிற வழிகள் என்று வெஸ்லி போதித்தார். அவர் சராசரியாக நாலைந்து நாளைக்கு ஒரு தடவை இராப்போஜனம் எடுத்தவர். 1745ல் அண்ணனும் தம்பியும் இராப்போஜனத்துக்கென்றே 166 பாட்டுகள் கொண்ட ஒரு புஸ்தகம் வெளியிட்டார்கள்.

நடைமுறையில் இன்னும் இரண்டு வித்தியாசம் உண்டு. கத்தோலிக்க சபை பொதுவாகத் தன் விசுவாசிகளுக்கு மட்டும் நற்கருணை கொடுக்கும். மெதடிஸ்ட் பந்தியில் மற்ற சபை விசுவாசிகளும் சேரலாம் என்பது பொதுவான வழக்கம். பூசையில் திராட்சை மது வேண்டும். மெதடிஸ்டுகள் பலர் புளிக்காத ரசத்துக்கு மாறினார்கள். அமெரிக்காவில் நியூஜெர்சியைச் சேர்ந்த தாமஸ் வெல்ச் என்கிற மெதடிஸ்ட் பல் டாக்டர் 1869ல் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அது இராப்போஜனத்துக்காகவே செய்தது. நம்ம சபைக்கு முதல் ஞாயிறு காலையில் என் மனைவி உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் கொதிக்க வைத்துப் பிழிகிறாள். அதுவும் மெதடிஸ்டுகள் பழக்கின பழக்கம்தான்.

4. பாவத்தை யாரிடம் சொல்வது?

கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனம் செய்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும் என்பது சபைக் கட்டளை. கேட்ட குருவானவர் உயிர் போனாலும் வெளியே சொல்லக்கூடாது. மன்னிக்கிறவர் தேவன், சொல்லுகிறவர் குருவானவர் என்பது அவர்கள் போதனை.

மெதடிஸ்டுகள் குருவிடம் தனியாக அறிக்கை செய்யும் கட்டாயத்தை விட்டுவிட்டார்கள். ஆனால் அதன் இடத்தைக் காலியாக விடவில்லை. 1742ல் பிரிஸ்டல் பட்டணத்தில் ஆராதனை வீடு கட்டின கடனை அடைக்க, விசுவாசிகளைப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து, வாரம் ஒரு பென்னி வசூலிக்கத் தலைவர்களை வைத்தார்கள். வசூலுக்குப் போனவர்கள் வீட்டுக்குள்ளே குடியும் சண்டையும் இருக்கிறதைப் பார்த்தார்கள். அதைக் கேட்ட வெஸ்லி, இந்தக் குழுவை ஆத்துமாவை விசாரிக்கிற குழுவாக மாற்றினார். வாரா வாரம் கூடி, "உன் ஆத்துமா எப்படி இருக்கிறது?" என்று ஒவ்வொருவரையும் கேட்பார்கள். ஒழுங்காக நடக்கிறவருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை சீட்டுக் கொடுப்பார்கள். இதற்கு வகுப்புக் கூட்டம் என்று பேர்.

என் அம்மாச்சி இந்த வகுப்பைப் பற்றிச் சொல்லுவார்கள். "அங்க போயி பொய் சொல்ல முடியாதுடா. பக்கத்து வீட்டுக்காரியும் அதே வகுப்புல உட்கார்ந்திருப்பா" என்பார்கள்.

பிரியமானவர்களே, யாக்கோபு 5:16ஐ எடுத்து வாசியுங்கள். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லுகிறது. கத்தோலிக்கருக்குக் குருவானவர் இருக்கிறார். மெதடிஸ்டுகளுக்கு வகுப்புக் கூட்டம் இருந்தது. நமக்கு யார் இருக்கிறார்கள்? நாம் சாட்சி சொல்லுகிறோம், நல்லதுதான். ஆனால் வேலை கிடைத்தது, வியாதி சுகமானது என்றுதான் சொல்லுகிறோம். "நான் என் மருமகளைக் கைநீட்டி அடித்தேன்" என்று சொல்ல நம்மிடத்தில் இடம் இருக்கிறதா?

5. மாதா, பரிசுத்தவான்கள், கல்லறை

இதில் என் விசுவாசத்தை நான் மறைக்கவில்லை. தேவனுக்கும் மனுஷருக்கும் நடுவே மத்தியஸ்தர் ஒருவரே (1 தீமோத்தேயு 2:5). மெதடிஸ்டுகளும் அதையே பிடித்து, பரிசுத்தவான்களிடம் வேண்டுதல் செய்வதையும், உத்தரிக்கிற ஸ்தலத்தையும் மறுத்தார்கள்.

ஆனாலும் எதிராளி சொல்லாததை அவன் வாயில் திணிக்கக்கூடாது. கத்தோலிக்க சபை, ஆராதனை தேவனுக்கு மட்டும், மாதாவுக்கும் புனிதர்களுக்கும் உரியது வணக்கமே என்று பிரித்துப் போதிக்கிறது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்க"ன்னு கேட்கிறதாகத்தான் அவர்கள் செபமாலையை விளங்கிக்கொள்கிறார்கள். நமக்கு அதில் சம்மதமில்லை. ஆனாலும் "மாதாவைத் தெய்வமாக்கிட்டாங்க"ன்னு சொல்லுகிறதற்கு முன்னால், அவர்கள் போதனை என்ன என்று கேட்டுவிட்டுச் சொல்லுவோம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் கத்தோலிக்கர் மரித்த ஆத்துமாக்களுக்காக மன்றாடுகிறார்கள். மெதடிஸ்ட் வீட்டார் கல்லறையைச் சுத்தம் பண்ணிப் பூ வைத்து, மரித்தவருடைய ஜீவியத்துக்காக ஸ்தோத்திரம் சொல்லுவார்கள். மரித்தவருக்காக மன்றாட மாட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பூ, ஒரே மெழுகுவர்த்தி. உள்ளே இருக்கிற ஜெபம் வேறு.

6. தண்ணீரும் எண்ணெயும்

தம்பி கேட்டது சரிதான். குழந்தை ஞானஸ்நானத்தில் இரண்டு சபையும் ஒன்று. நாம் விசுவாசித்தவருக்கு முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோம். இந்த வித்தியாசத்தில் நாம் வேத வசனத்தின்படி நிற்கிறோம் என்பது என் நிச்சயம். பிற்பாடு பிள்ளை வளர்ந்து தானே விசுவாசத்தைச் சொல்லுகிற நாளும் இரண்டு பக்கமும் உண்டு. கத்தோலிக்கர் அதை உறுதிபூசுதல் என்கிறார்கள். சி.எஸ்.ஐ.யில் திடப்படுத்தல் என்கிறார்கள்.

ஆனால் அருட்சாதனம் எத்தனை என்று கேட்டால், கத்தோலிக்கருக்கு ஏழு. மெதடிஸ்டுகளுக்கு இரண்டே: ஞானஸ்நானமும் இராப்போஜனமும். அந்த ஏழில் ஒன்றுதான் என் மாமியார் கேட்டது. பழைய ஜனங்கள் அவஸ்தை பூசுதல் என்பார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அதற்கு நோயில் பூசுதல் என்று பேர் வைத்து, சாகிறவருக்கு மட்டுமல்ல, கடுமையான வியாதிப்பட்டவருக்கும் உரியது என்று தெளிவுபடுத்தினார்கள். குருவானவர் வந்து நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி ஜெபிப்பார்.

அதற்கு அவர்கள் காட்டுகிற வசனம் எது தெரியுமா? யாக்கோபு 5:14. சபையின் மூப்பரை வரவழைத்து, எண்ணெய் பூசி ஜெபம் பண்ணச் சொல்லுகிற வசனம்.

நான் வீடு வீடாய் எண்ணெய்ப் பாட்டிலோடு போனதும் அதே வசனத்தை நம்பித்தான். விராலிமலையில் முன்பின் தெரியாத ஒருவருக்கு எண்ணெய் பூசி ஜெபித்தேன். என் வீட்டுக் கட்டிலில் கிடந்த தாயார் தன் சபையின் மூப்பர் கையால் எண்ணெய் கேட்டபோது, சடங்கு என்று சொல்லிவிட்டேன். அந்த ராத்திரி என் அம்மாதான் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். மாமியார் செபமாலையை இன்னொரு கையில் வைத்திருந்தார்கள். அம்மா அதைப் பிடுங்கவும் இல்லை, அந்த ஜெபத்தைச் சொல்லவும் இல்லை.

7. நாம் நிற்கிற அஸ்திபாரம்

நம்ம ஊர் மூவர் கோயிலைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். மூன்றில் இரண்டுதான் நிற்கிறது. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் தெரிகிறது. மேலே கட்டடம் இல்லை என்பதால் அஸ்திபாரம் இல்லை என்று ஆகிவிடாது. அதுபோல மெதடிஸ்ட் என்கிற போர்டு நம் சபையில் இல்லை. தோண்டிப் பார்த்தால் கீழே அது இருக்கிறது.

டிசம்பர் 31 ராத்திரி நாம் கண்விழித்து ஜெபிக்கிறோம். வெஸ்லி அதை மொரேவிய சபையாரைப் பார்த்து எடுத்தார். 1740களில் கிங்ஸ்வுட் சுரங்கத் தொழிலாளர், முன்பு சாராயக் கடையில் கழித்த ராத்திரியை ஜெபத்தில் கழிக்க ஆரம்பித்தார்கள். ஜனங்கள் வெளிச்சத்தில் வீடு திரும்பட்டும் என்று பௌர்ணமியை ஒட்டின வெள்ளிக்கிழமையில் வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை நாம் உபவாச ஜெபம் வைக்கிறோம். வெஸ்லியும் வெள்ளிக்கிழமை உபவாசித்தவர். கத்தோலிக்கரும் வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்று கறி விஷயத்தில் தங்களைக் கட்டுப்படுத்துகிறார்கள். மூன்று பேரும் நினைப்பது கர்த்தர் சிலுவையில் தொங்கின நாளைத்தான்.

புது வருஷத்தின் முதல் ஞாயிறு மெதடிஸ்ட் வழிவந்தவர்கள் உடன்படிக்கை ஆராதனை நடத்துகிறார்கள். வெஸ்லி 1755ல் லண்டனில் தொடங்கினது. வருகிற வருஷத்தில் தன் விருப்பம் அத்தனையையும் ஆண்டவர் கையில் ஒப்படைத்து ஜெபித்து, இராப்போஜனம் எடுப்பார்கள். கத்தோலிக்கருக்கு இதற்கு ஒப்பானது, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின ராத்திரி மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறது. நாமோ ஜனவரி முதல் தேதி வாக்குத்தத்த அட்டையை வாங்கிக்கொண்டு வருகிறோம். தேவன் நமக்கு என்ன தருவார் என்பது அதில் இருக்கிறது. நாம் அவருக்கு என்ன தருகிறோம் என்பதை எங்கே எழுதுகிறோம்?

பரிசுத்த ஆவியானவருடைய அபிஷேகத்தைப் பற்றின செய்தியிலும் இந்தத் தொடர்பு உண்டு. 1905ல் மகாராஷ்டிராவில் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில் எழுப்புதல் வந்தபோது அங்கே ஊழியம் செய்தவர் மின்னி ஏப்ரம்ஸ் அம்மையார். இந்தியாவுக்கு மெதடிஸ்ட் மிஷனெரியாக வந்தவர். அவர் 1906ல் அபிஷேகத்தைப் பற்றி எழுதின சிறு புஸ்தகம் தென் அமெரிக்காவில் சிலி தேசத்துக்குப் போய், 1909ல் வால்பரைசோ மெதடிஸ்ட் சபையில் எழுப்புதல் எழும்பக் காரணமானவைகளில் ஒன்றாயிற்று. இந்திய மண்ணில் எழுதின எழுத்து அது.

8. கையை நீட்டினவர்கள்

வெஸ்லி கத்தோலிக்க உபதேசத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதினவர். அதே வெஸ்லி 1749ல் டப்ளினிலிருந்து ஒரு கத்தோலிக்கருக்கு என்று கடிதம் எழுதினார். ஒருவரையொருவர் நோகப் பேசாமலும் கெட்ட எண்ணம் வைக்காமலும் இருப்போம், பரலோக பாதையில் ஒருவருக்கொருவர் உதவியாக இருப்போம் என்பது அதன் சாரம். மெதடிஸ்டுகள் அயர்லாந்தில் கலகக் கும்பலிடம் அடிபட்ட காலம் அது. அந்த நேரத்தில் இப்படி எழுதினார்.

2006ஆம் வருஷம் கொரியாவின் சியோல் நகரத்தில், உலக மெதடிஸ்ட் மன்றம் ஒரு முக்கியமான அறிக்கையோடு இணைந்தது. கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் 1999ல் கையெழுத்திட்டது அது. மனுஷன் நீதிமானாக்கப்படுவது கிறிஸ்துவின் கிருபையினாலே, நம்முடைய புண்ணியத்தினாலே அல்ல என்பது அதன் மையம். மாதா, குருத்துவம், நற்கருணை ஆகியவற்றில் வித்தியாசம் இன்னும் இருக்கிறது. ஆனால் இரட்சிப்பின் வாசல் எது என்பதில் இவ்வளவு தூரம் நெருங்கி வந்திருக்கிறார்கள். "அவங்க கிரியையினால இரட்சிப்புன்னு சொல்றவங்க"ன்னு மேடையில் பேசுகிறதற்கு முன்னால் இதை ஞாபகத்தில் வையுங்கள்.

9. தம்பிக்குப் பதில்

தம்பி, இரண்டும் ஒன்றல்ல. கத்தோலிக்கர், கிருபை பலிபீடத்தில் குருவானவர் கை வழியாக வருகிறது என்று போய் நிற்கிறார்கள். மெதடிஸ்டுகள், வசனத்திலும் பாட்டிலும் பந்தியிலும் ஒருவரையொருவர் விசாரிப்பதிலும் வருகிறது என்று உட்காருகிறார்கள். நாம், ஆவியானவர் இப்போதே இங்கேயே அசைவாடுவார் என்று கையை உயர்த்துகிறோம். எந்த உபதேசம் வேதத்துக்கு ஒத்தது என்று சோதித்துப் பார்க்க வேண்டியதுதான். நான் சோதித்துத்தான் இங்கே நிற்கிறேன். ஆனால் மற்றவர் எதைத் தேடி அங்கே போகிறார் என்று கேட்காமல் சிரிக்கிறவன், தன் வீட்டு மனுஷரையே இழந்துபோவான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அதே வீட்டு ஜெபக் கூட்டத்தில் எழுந்து, 2012ல் நான் செய்ததை எல்லார் முன்பாகவும் சொன்னேன். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு வருகிற வழியில், "அம்மா எப்பவோ மன்னிச்சிருப்பாங்க. எனக்குத்தான் இன்னும் கொஞ்ச நாள் ஆகும்" என்றாள். சரி என்றேன்.

பிறகு என் மைத்துனரைப் பார்க்கப் போனேன். அவர் என் வீட்டு வாசலை மிதித்து வருஷக்கணக்காகிறது. நான் பேசினதையெல்லாம் கேட்டுவிட்டு, "நவம்பர் ரெண்டு கல்லறைக்கு வாங்க மச்சான்" என்றார். நான், "வர்றேன். ஆனா மரிச்சவங்களுக்காக மன்றாட என் மனசாட்சி இடம் கொடுக்காது. அவங்க வாழ்ந்த வாழ்க்கைக்காக ஸ்தோத்திரம் சொல்லுவேன்" என்றேன். "வந்து நில்லுங்க, போதும்" என்றார்.

நம்மை நாமே ஆராய்ந்துபார்க்க:

1. மற்ற சபையாரைப் பற்றி நான் சொல்லுகிறது நானே கேட்டறிந்ததா, மேடையில் கேட்டதா?

2. என் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று வாரம் ஒரு முறை என்னைக் கேட்கிற ஒருவர் உண்டா? நான் கேட்கிற ஒருவர் உண்டா?

3. கர்த்தருடைய பந்திக்கு வருமுன், நான் போய் மன்னிப்புக் கேட்க வேண்டிய வீடு எது? (மத்தேயு 5:23, 24)

ஜெபம்: பரம தகப்பனே, ஆவியோடும் உண்மையோடும் உம்மைத் தொழுதுகொள்ள எங்களுக்குக் கற்றுத் தாரும். உண்மை தெரியாமல் நாங்கள் பேசின வார்த்தைகளை மன்னியும். எங்கள் வீடுகளில் பேச்சில்லாமல் போன உறவுகளைத் திரும்பக் கட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.